பம்மல் நகராட்சி எங்கே போச்சு? கிராமம் டு மாநகராட்சி மண்டலம்: ஒரு புறநகரின் கதை

பல்லாவரத்தில் இறங்கி குன்றத்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம் வந்தா பம்மல். அங்க ஒரு ஜெராக்ஸ் கடையில நின்னு, "அண்ணே, மாநகராட்சி மண்டல ஆபீஸ் எங்க இருக்கு?"னு கேட்டுப் பாருங்க. "முனிசிபாலிட்டி ஆபீஸா தம்பி? நேரா போங்க"ன்னுதான் பதில் வரும்.

அந்த 'முனிசிபாலிட்டி' 2021 நவம்பர் மாசமே முடிஞ்சுபோச்சு. இன்னைக்கு பம்மல் நகராட்சி என்று ஒரு அமைப்பு சட்டப்படி கிடையாது. போர்டில் இருப்பது தாம்பரம் மாநகராட்சி, பம்மல் மண்டலம். ஆனா ஊர்க்காரங்க வாயில முனிசிபாலிட்டி இன்னும் உயிரோட இருக்கு. அவங்களை விட வயசான சிலர் 'பஞ்சாயத்து ஆபீஸ்' என்றே சொல்வாங்க. அதுவும் தப்பில்ல. ஒரே ஊர், ஒரு தலைமுறைக்குள்ள பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியின் ஒரு மூலை என்று மூணு வேஷம் போட்டிருக்கு.

பெயர்ப்பலகை மாறினா நமக்கென்ன, தண்ணி வந்தா போதாதா? நியாயமான கேள்விதான். ஆனா அந்தத் தண்ணி ஏன் வரலன்னு யாரைக் கேட்கணும் என்பது பெயர்ப்பலகை மாறும்போதெல்லாம் மாறுது. அதனாலதான் இந்தக் கதை முக்கியம்.

முதல்ல ஒரு குட்டிப் பாடம்

தமிழ்நாட்டில் ஊரை நிர்வாகம் பண்ண நாலு படிக்கட்டு இருக்கு. கீழ்ப்படி கிராம ஊராட்சி. அடுத்தது பேரூராட்சி, கிராமமும் இல்ல, முழு நகரமும் இல்ல என்ற நடு நிலை. அதுக்கு மேல நகராட்சி. உச்சியில் மாநகராட்சி.

கிராம ஊராட்சிகளுக்கு 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம். நகராட்சிகளோ நூறு வருஷத்துக்கும் மேல 1920-ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில்தான் ஓடிக்கிட்டு இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதுக்குப் பதிலாக 1998-ல் ஒரு புதுச் சட்டம் போட்டாலும், அது கிடப்பில் கிடந்து, 2023 ஏப்ரல் 13-ல்தான் முழுசா நடைமுறைக்கு வந்தது. அதாவது பம்மல் நகராட்சி பிறந்ததும் இறந்ததும் அந்தப் பழைய சட்டத்தின் காலத்திலேயே.

பேரூராட்சிக்கும் ஒரு குட்டிக் கதை உண்டு. ரொம்ப காலம் அது ஊராட்சிச் சட்டத்துக்குள்ள, கிராமங்களோட சொந்தக்காரனா இருந்தது. அரசியல் சாசனத்தின் 74-வது திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்த பிறகு, 1994-ல் அது நகர்ப்புறக் குடும்பத்துக்கு மாறிச்சு.

சைதாப்பேட்டை தாலுகாவின் ஒரு கிராமம்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், சைதாப்பேட்டை தாலுகாவில் இருந்த கிராமங்களில் ஒண்ணு பம்மல். ஒரு பக்கம் பல்லாவரம். இன்னொரு பக்கம் நெசவாளர் ஊரான அனகாபுத்தூர். அதைத் தாண்டினா சேக்கிழார் பிறந்த குன்றத்தூர். வடக்கே பொழிச்சலூரும் அடையாறும்.

அக்கம்பக்கத்துக்கு வயசு ரொம்ப அதிகம். 1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால வரலாற்று ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்குது என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிற விஷயம். ஆங்கிலேயர்களுக்கு பல்லாவரம் ராணுவ முகாம். அந்தக் கன்டோன்மென்ட் இன்னைக்கும் தனி போர்டுதான். மாநகராட்சிக்குள்ள சேரல.

பம்மலின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனவர் ஒருத்தர் இருக்கார்: பம்மல் சம்பந்த முதலியார். 1873-ல் பிறந்தவர். வக்கீல், பிறகு நீதிபதி. 1891-ல் சுகுண விலாச சபாவைத் தொடங்கி, படிச்சவங்க மேடை ஏறி நடிக்கிறது கௌரவக் குறைச்சல் இல்லைன்னு காட்டினவர். 1959-ல் பத்ம பூஷண். 2002-ல் கமல்ஹாசன் நடிச்ச 'பம்மல் கே. சம்பந்தம்' பட டைட்டிலும் இவர் பெயரை வெச்சு விளையாடினதுதான். சினிமா பெயரா மட்டும் இந்த ஊரைத் தெரிஞ்சு வெச்சிருந்தவங்க, இப்ப கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

ரயிலும் தோலும்

1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் வந்தது. அதோட தெற்குப் புறநகரின் கணக்கே மாறிச்சு. ரயில் பாதை ஓரமா இருந்த பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் வேகமா வளர்ந்தது. பம்மலுக்கு ரயில் நிலையம் கிடையாது. ரெண்டாவது வரிசை ஊர். ஸ்டேஷன் பக்கத்தில் மனை வாங்க முடியாதவங்க வந்து வீடு கட்டின ஊர்.

அதே சமயம் இன்னொரு விஷயமும் நடந்தது. தோல் தொழில். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்ததுதான். பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் வட்டாரம் முழுக்க தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பெருகின. வேலை கிடைச்சது. கூடவே நிலத்தடி நீர் கெட்டது.

1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பு சொல்லுச்சு. 'மாசுபடுத்தியவனே செலவை ஏற்கணும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்துக்குள்ள கொண்டுவந்த தீர்ப்பு அது. சுற்றுச்சூழல் பாடம் படிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சது. பலருக்குத் தெரியாதது என்னன்னா, அந்தத் தீர்ப்பு வேலூர் பக்கத்துக்கு மட்டுமானது இல்ல. வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். என்று 5 மாவட்டங்களில் இருந்த ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டாங்க. அந்தக் கடைசிப் பெயரில்தான் அப்ப பம்மல் இருந்தது.

இப்ப யோசிங்க. ஒரு ஊரின் கிணத்துத் தண்ணி கெட்டுப்போகுது. அதைத் தட்டிக்கேட்கிற அளவுக்கு காசோ, இன்ஜினியரோ, அதிகாரமோ ஒரு பேரூராட்சிகிட்ட கிடையாது. தொழிற்சாலைக்கு அனுமதி தர்றது ஒரு இடம், மாசு பார்க்கிறது இன்னொரு இடம். விஷயம் டெல்லி வரைக்கும் போய்தான் தீர்ப்பு வந்தது. 'பெரிய அமைப்பா ஆனா நல்லது' என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்த வாதம் பொய்யில்ல. பின்னாடி திரும்ப வருவோம்.

பேரூராட்சிக் காலத்து ஒரு நல்ல கதை

எதிர்ப்பக்க வாதத்துக்கும் பம்மலிலேயே உதாரணம் இருக்கு. 1994. குப்பை அள்ள போதுமான ஆள் இல்லாத காலம். சங்கரா நகரில் சில பெண்கள் சேர்ந்தாங்க. மங்களம் பாலசுப்ரமணியன் முன்னால நின்னார். வீடு வீடா போய் குப்பையைப் பிரிச்சு வாங்குறது, மக்குற குப்பையை மண்புழு உரமாக்குறது என்று தெரு அளவில் ஆரம்பிச்ச வேலை, எக்ஸ்னோரா அமைப்போட சேர்ந்து 'எக்ஸ்னோரா கிரீன் பம்மல்' என்று வளர்ந்தது. வெளியூர்க்காரங்க வந்து பார்த்துக் கத்துக்கிட்டுப் போற அளவுக்கு வளர்ந்தது.

இது ஏன் பம்மலில் முடிஞ்சது? காரணங்களில் ஒண்ணு அளவு. தெருவில் வேலை செய்யறவங்களுக்கும் ஆபீஸில் கையெழுத்து போடுறவங்களுக்கும் நடுவில் தூரம் ரொம்ப இல்ல. நடந்து போய்ப் பார்க்கலாம். இதையும் ஞாபகத்தில் வெச்சுக்கோங்க.

நகராட்சி ஆச்சு

எண்கள் பேசட்டும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பம்மல் ஒரு பேரூராட்சி. மக்கள் சுமார் 50 ஆயிரம். 2011 கணக்கெடுப்பில் அதே ஊர் நகராட்சி. மக்கள் சுமார் 76 ஆயிரம். பத்தே வருஷத்தில் ஏறக்குறைய பாதி ஊர் புதுசா சேர்ந்திருக்கு. ஐடி வேலை, ஏர்போர்ட் வேலை, வெளியூரிலிருந்து வந்தவங்க, சென்னைக்குள்ள வாடகை கட்ட முடியாம வெளியே வந்தவங்க என்று எல்லாரும் வந்து சேர்ந்த காலம் அது.

ஆக, பம்மல் நகராட்சி இந்த ரெண்டு கணக்கெடுப்புக்கும் நடுவில் பிறந்தது. 2021-ல் முடிஞ்சது. மொத்த ஆயுள் இருபது வருஷத்துக்கும் குறைவு. இதைப் படிக்கிற பலரின் வயசை விடக் கம்மி.

2011: கோடு மீனம்பாக்கத்தோட நின்னது

இடையில் ஒரு பெரிய வாய்ப்பு பக்கத்தில் வந்துட்டுப் போச்சு. 2011-ல் சென்னை மாநகராட்சி விரிவடைஞ்சது. 174 சதுர கிலோமீட்டர் 426 ஆச்சு. 155 வார்டு 200 ஆச்சு. 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 கிராம ஊராட்சி என்று 42 உள்ளாட்சி அமைப்புகள் ஒரே நேரத்தில் காணாமப் போச்சு. ஆலந்தூர், அம்பத்தூர், திருவொற்றியூர், மாதவரம் எல்லாம் அப்பதான் 'சென்னை' ஆச்சு.

தெற்குப் பக்கத்தில் அந்தக் கோடு விமான நிலையத்துகிட்ட நின்னுடுச்சு. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், தாம்பரம் வெளியே. வேலை சென்னையில், பின்கோடு சென்னையில், போன் நம்பர் சென்னை கோடில்; மேயர் மட்டும் சென்னை மேயர் இல்ல. அதுக்கு அப்புறம் தெற்கு ஊர்களுக்கு ரெண்டு வழிதான்: தனித்தனியா இருக்கணும், இல்ல ஒண்ணா சேர்ந்து தனி மாநகராட்சி ஆகணும்.

2016 முதல் 2021: கவுன்சிலரே இல்லாத காலம்

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத அத்தியாயம் இதுதான். கொஞ்சம் மெதுவா படிங்க.

2011 அக்டோபரில் தேர்வான உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபர் 24-ல் முடிஞ்சது. அதுக்கு முன்னாடியே தேர்தல் நடக்க இருந்தது. ஆனா 2016 அக்டோபர் 4-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தல் அறிவிப்பை ரத்து செஞ்சது. பிறகு வழக்கு, வார்டு மறுவரையறை, மாவட்டப் பிரிப்பு என்று இழுத்துக்கிட்டே போச்சு. தனி அதிகாரிகள் நிர்வாகம் பண்ணாங்க. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல்தான். அஞ்சு வருஷத்துக்கும் மேல இடைவெளி.

பம்மல் நகராட்சி கலைக்கப்பட்டது எப்போ? 2021 நவம்பர். அதாவது அந்த நகராட்சி சாகும்போது அதுக்கு ஒரு கவுன்சிலர்கூட கிடையாது. நகர்மன்றத் தலைவர் கிடையாது. 'நாங்க இணைய விரும்புறோம்' என்றோ 'எங்களுக்கு இஷ்டமில்ல' என்றோ தீர்மானம் போட, மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பின மன்றமே இல்ல. சட்டப்படி அரசு எடுத்த முடிவு செல்லும். அதில் சிக்கல் எதுவும் இல்ல. ஆனா ஊர் சார்பா ஒரு குரல் பதிவாகல என்பதும் உண்மை.

பக்கத்து ஊர் பொழிச்சலூரைப் பாருங்க. அது கிராம ஊராட்சி. செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊரகத் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. அங்க ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் பதவிக்கு வந்தாங்க. அடுத்த மாசம் பக்கத்தில் மாநகராட்சி உருவானபோது பொழிச்சலூரும் கவுல் பஜாரும் அதில் சேர்க்கப்படல. ஒரே ரோட்டில் போறவங்க, ஒரே மார்க்கெட்டில் வாங்குறவங்க. இந்தப் பக்கம் மாநகராட்சி, அந்தப் பக்கம் கிராமம்.

2021 நவம்பர் 3

2021 ஆகஸ்ட்டில் நகராட்சி நிர்வாக அமைச்சர் கே.என். நேரு சட்டசபையில் அறிவிச்சார். நவம்பர் 3-ல் அவசரச் சட்டம் மூலமா தாம்பரம் மாநகராட்சி உருவாச்சு.

உள்ளே போன நகராட்சிகள் 5: தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம்.

உள்ளே போன பேரூராட்சிகள் 5: சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை.

மொத்தம் 10 அமைப்பு, 70 வார்டு, 5 மண்டலம். 2011 கணக்குப்படியே 7 லட்சத்துக்கு மேல மக்கள். 2022 தேர்தலில் மேயர் பதவி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 25 வயசான வசந்தகுமாரி கமலக்கண்ணன் முதல் மேயர் ஆனார்.

ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்தப் பத்தில் தாம்பரத்தை விட 2011 கணக்கில் மக்கள் அதிகம் இருந்தது பல்லாவரத்தில்தான்: பல்லாவரம் 2 லட்சத்துக்கு மேல, தாம்பரம் சுமார் 1.75 லட்சம். இருந்தாலும் பெயர் தாம்பரம். பெரிய ஜங்ஷன், எல்லாருக்கும் தெரிஞ்ச பெயர். நிர்வாக வரலாற்றில் மக்கள்தொகையை விட ரயில் ஜங்ஷன் ஜெயிக்கிறது இது முதல் தடவை இல்ல.

லண்டன்லயும் இதே கதைதான்

'நம்ம ஊர்லதான் இப்படி பேர் மாத்திக்கிட்டே இருப்பாங்க'ன்னு நினைச்சா, ஹீத்ரோ ஏர்போர்ட் பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.

ஹீத்ரோவை ஒட்டி ஃபெல்தம் என்று ஒரு ஊர். 1894-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்து 'நகர்ப்புற மாவட்டம்' என்ற அமைப்பை உருவாக்கினாங்க. பெயர் பெருசா இருந்தாலும் அளவில் நம்ம பேரூராட்சிக்கும் நகராட்சிக்கும் நடுவில் வர்ற மாதிரியான ஒண்ணு. ஃபெல்தம் 1904-ல் அப்படி ஒரு நகர்ப்புற மாவட்டம் ஆச்சு. தனி மன்றம், தனி உறுப்பினர்கள்.

லண்டன் வளர்ந்து ஃபெல்தமை முட்டினது. 1963-ல் லண்டன் நிர்வாகச் சட்டம். 1965 ஏப்ரல் 1-ஆம் தேதி ஃபெல்தம் நகர்ப்புற மாவட்டம் கலைஞ்சது. பிரென்ட்ஃபோர்டு - சிஸ்விக், ஹெஸ்டன் - ஐசல்வொர்த் என்ற ரெண்டு நகராட்சிகளோட சேர்ந்து 'ஹவுன்ஸ்லோ' ஆச்சு. அந்த நாளில் லண்டன் சுற்றி 32 புது 'பரோ'க்கள் பிறந்தன. ஃபெல்தம் இருந்த மிடில்செக்ஸ் என்ற மாவட்டமே வரைபடத்திலிருந்து போயிடுச்சு. ஆனா இன்னைக்கும் அந்தப் பக்கத்து ஆட்கள் பலர் முகவரியில் மிடில்செக்ஸ் என்று எழுதுறாங்க. நம்ம ஜெராக்ஸ் கடை அண்ணன் 'முனிசிபாலிட்டி' சொல்ற மாதிரியே.

ஒரு போனஸ் தகவல்: 'குயீன்' இசைக்குழுவின் ஃபிரெடி மெர்குரி குடும்பம் இங்கிலாந்து வந்து குடியேறினது ஃபெல்தமில்தான், 1964-ல். நகர்ப்புற மாவட்டம் கலையறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. பம்மலுக்கு ஒரு சம்பந்தம். ஃபெல்தமுக்கு ஒரு ஃபிரெடி.

1974-ல் இங்கிலாந்து மீதி இருந்த நகர்ப்புற மாவட்டங்களையும் மொத்தமா எடுத்துடுச்சு. ஆனா அங்க ஒரு சமாதானம் பண்ணாங்க. லண்டனுக்கு வெளியே, கலைஞ்சுபோன சின்ன ஊர்கள் பலவற்றுக்கு 'பாரிஷ்' அளவில் ஒரு குட்டி மன்றம் மிஞ்சினது. அதிகாரம் கம்மி; பூங்கா, சமூகக்கூடம் மாதிரி வேலைகள். ஆனா தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம். ஊருக்குன்னு ஒரு வாய் இருந்தது.

அப்போ பம்மலுக்கு என்ன மிஞ்சினது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7 லட்சத்தில் பம்மலின் பங்கு சுமார் பத்தில் ஒண்ணு. முன்னாடி நகராட்சி பட்ஜெட் முழுக்க பம்மலைப் பத்தி மட்டும்தான். நகர்மன்றத்தில் உட்கார்ந்த ஒவ்வொருத்தரும் பம்மல் ஆள். இப்ப 70 பேர் உட்காருற மன்றத்தில் பம்மல் கவுன்சிலர்கள் சிலர்தான். ஒரு ஏரியைத் தூர்வாரணும் என்றால் இன்னும் ஒன்பது ஊரின் ஏரிகளோட போட்டி போடணும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், முன்னாடி சொன்ன தோல் தொழிற்சாலைக் கதை. சாக்கடையும் வெள்ளமும் ஊர் எல்லை பார்த்து ஓடாது. 2015 டிசம்பரில் அடையாறு நிரம்பினபோது தண்ணி எந்த நகராட்சி எந்த ஊராட்சி என்று கேட்டுட்டு வரல. பாதாளச் சாக்கடை, கழிவுநீர் சுத்திகரிப்பு, குப்பைக் கிடங்கு, மழைநீர் வடிகால் எல்லாம் ஒரு சின்ன நகராட்சி தனியா செய்யக் கூடிய வேலை இல்ல. இதுக்குப் பெரிய அமைப்பு, பெரிய கடன், தகுதியான இன்ஜினியர்கள் வேணும். மாநகராட்சிக்கு அது கிடைக்கும்.

ஆக, குழாயும் சாக்கடையும் பெரிய அமைப்பைக் கேக்குது. குப்பைத் தொட்டியும் தெருவிளக்கும் நடந்து போற தூரத்தில் இருக்கிற ஆபீஸைக் கேக்குது. ரெண்டையும் ஒரே அமைப்பு கொடுக்கணும்னா, அந்தப் பெரிய அமைப்புக்குள்ள சின்ன அமைப்பு ஒண்ணு உயிரோட இருக்கணும்.

அதுக்குத்தான் 2022-ல் தமிழ்நாடு அரசு வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்தது. கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒண்ணு. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினம், முதல்வர் மு.க. ஸ்டாலின் பகுதி சபைக் கூட்டத்தில் கலந்துக்கிட்டது எங்க தெரியுமா? பம்மலில். நகராட்சி போய் சரியா ஒரு வருஷத்தில்.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. கிராம சபையில் ஊர் வாக்காளர் எல்லாரும் உறுப்பினர். அது போடுற தீர்மானத்துக்கு மதிப்பு உண்டு. பகுதி சபையின் பிரதிநிதிகள் நியமிக்கப்படுறவங்க. நீங்க போய் பேசலாம், மனு கொடுக்கலாம். பம்மலில் பகுதி சபை எப்ப, எங்க நடக்குதுன்னு உங்க வாட்ஸ்அப் குரூப்பில் யாருக்காவது தெரியுமான்னு இன்னைக்கே கேட்டுப் பாருங்க. பதில் வரலன்னா, அந்தச் சின்ன அமைப்பு எவ்வளவு உயிரோட இருக்குன்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

'மாநகராட்சி ஆனதாலதான் வரி ஏறிச்சு': உண்மையா?

டீக்கடையில் அடிக்கடி கேட்கிற டயலாக் இது. பாதிதான் சரி. 2022 ஏப்ரலில் சொத்து வரி ஏறினது தாம்பரத்தில் மட்டும் இல்ல. தமிழ்நாட்டின் 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சி எல்லாத்துக்கும் சேர்த்து வந்த சீராய்வு அது. சென்னையின் பழைய பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில் வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25%, 1,200 வரை 50%, 1,800 வரை 75%, அதுக்கு மேல 100% உயர்வு. பம்மல் நகராட்சியாவே நீடிச்சிருந்தாலும் அந்த உயர்வு வந்திருக்கும். இணைப்பும் சீராய்வும் அஞ்சே மாச இடைவெளியில் வந்ததால ரெண்டும் ஒண்ணா மனசுல பதிஞ்சுபோச்சு.

ஒரு பம்மல்வாசியின் முகவரி அட்டை

வீடு வாங்குறவங்க, வாடகைக்கு வர்றவங்க இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கலாம்.

- குப்பை, தெருவிளக்கு, குடிநீர், சொத்து வரி: தாம்பரம் மாநகராட்சி, பம்மல் மண்டலம்
- பட்டா, வருவாய்ச் சான்றிதழ்கள்: பல்லாவரம் தாலுகா, செங்கல்பட்டு மாவட்டம். 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டம்
- போலீஸ்: சங்கர் நகர் காவல் நிலையம், தாம்பரம் மாநகரக் காவல். 2022 ஜனவரி முதல் தனி ஆணையரகம்
- எம்.எல்.ஏ: பல்லாவரம் தொகுதி
- எம்.பி: ஸ்ரீபெரும்புதூர் தொகுதி
- நகரத் திட்டமிடல்: சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்
- தபால்: சென்னை 600075

ஒரு வீடு, கையெழுத்து வாங்க அஞ்சாறு ஊர்ப் பெயர். இதில் 'பம்மல்' என்ற பெயர் நிர்வாக ரீதியா மிஞ்சியிருக்கிறது மண்டலத்தில் மட்டும்தான்.

பழைய பத்திரம் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 'பம்மல் பேரூராட்சி' அல்லது 'பம்மல் நகராட்சி' சீல் போட்ட பிறப்புச் சான்றிதழ், கட்டட வரைபட அனுமதி, வரி ரசீது எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு உள்ளாட்சி அமைப்பு கலையும்போது அதன் சொத்து, கடன், ஆவணம், பொறுப்பு எல்லாம் புது அமைப்புக்கு மாறும். அந்தக் காலத்துக் கையெழுத்து அந்தக் காலத்துக்கு செல்லும். புது வரி எண்ணும் பழைய ரசீதும் ஒரே ஃபைலில் இருக்கிறது நல்லது. வீடு விக்கும்போது வங்கிக்காரங்க முதல்ல கேட்கிறது இந்தத் தொடர்ச்சியைத்தான்.

அடுத்தது என்ன?

2022 மார்ச்சில் பதவியேற்ற கவுன்சிலர்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடியுது. 2016-ல் நடந்தது திரும்ப நடக்காம, நேரத்துக்கு அடுத்த தேர்தல் நடக்கணும் என்பதுதான் பம்மல் மாதிரி ஊர்களுக்கு முக்கியமான விஷயம். ஒரு ஊர் தன் நகராட்சியை இழக்கலாம். நகரம் வளரும்போது அது நடக்கும். ஃபெல்தமுக்கும் நடந்தது, ஆலந்தூருக்கும் நடந்தது, நாளைக்கு பொழிச்சலூருக்கும் நடக்கலாம். அப்படி நடந்தா அங்க வீட்டு வரி மட்டும் மாறாது. நூறு நாள் வேலையும் போகும், கிராம சபையும் போகும். அதுக்கு முன்னாடி அந்த ஊரை ஒரு வார்த்தை கேட்கணும். பம்மலைக் கேட்க அன்னைக்கு மன்றம் இல்ல.

அடுத்த தடவை வார்டில் ஓட்டுக் கேட்டு யாராவது வந்தா, ரோடு, தண்ணியோட சேர்த்து இன்னொண்ணும் கேளுங்க: "அண்ணே, பகுதி சபை எப்ப கூட்டுவீங்க? எங்க கூட்டுவீங்க?"

பதில் 'முனிசிபாலிட்டி ஆபீஸ்ல' என்று வந்தாலும் பரவாயில்ல. தேதி சொன்னா போதும்.